தவளைக்குத் தகுந்த தூண்டில்

வீட்டுக்குச் சாமான் வாங்குவதில் நம்மை யாரும் சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. புளியை விரலால் அழுத்திப் பார்த்தே பழசா, புதுசா என்று சொல்லிவிடுவோம். புடவைக் கடையில் நாம் முந்தானையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தால் கடைக்காரர் முகத்தில் லேசாகக் கலவரம் தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, தவளைத் தூண்டில் போட ஒரு ராடு வாங்கணும். மூவாயிரம் ரூபாய் ஆகும்” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

தவளையைப் பிடிக்கவா தூண்டில் என்று கேட்பீர்கள். பிறகு, “ராடாவது, தடியாவது! போய்ப் புத்தகத்தை எடு” என்பீர்கள். பிள்ளையின் இடத்தில் கணவர் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் கேட்க மாட்டார். வாங்கிக்கொண்டு வந்து பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிடுவார்!

இரண்டு விதத்திலும் போவது வீட்டுப் பணம். ஆகவே இந்த வாரம் தூண்டில் கோல் வாங்கும் விதத்தைப் பார்க்கலாம். சைவ வீட்டுச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிடித்த மீனைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் தவளை சமாசாரம். இது உயிருள்ள தவளை அல்ல. உள்ளே காற்றுள்ள, மிருதுவான பொம்மை. அதன் முதுகை ஒட்டினாற்போல் இரட்டைக் கொக்கி. கொக்கியின் முனைகள் மேல் நோக்கியிருக்கும். அல்லி இலையின் மேலும் ஆகாயத்தாமரையின் மேலும் இழுத்தால் எதிலும் மாட்டாமல் தத்தித் தத்தி வரும். மீன் வாயைத் திறந்து கவ்வும்போது பொம்மை அமுங்கிப் போகிறது. கொக்கி முனை வெளியே வருகிறது. அமெரிக்காவில் ஹாரி ஏலர்ஸ் என்பவர் 1957-ல் இந்த மாதிரி வெற்றுடல் தவளையைச் செய்து விற்கத் தொடங்கினார். அங்கே ‘பாஸ்’ என்னும் மீனுக்காகப் பிறந்த பொம்மை, நம் பக்கத்து விராலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

விராலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? மார்க்கெட்டில் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு நெளியுமே, அதுதான். காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆனதால் தண்ணீரை விட்டு எடுத்தாலும் ஈரம் இருக்கிற வரையில் நெடுநேரம் உயிரோடிருக்கும். நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு இதைக் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். மலேசியாவில் இதையே ‘ஹாருவான்’ என்று சொல்லிப் பிள்ளை பெற்றவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். ஏரி, குளம், வயல் வாய்க்கால் என்று பாசி மண்டிய இடமாகப் பார்த்து இது பதுங்கியிருக்கும். தலைக்கு மேலே தவளை தத்தினால், மடேரென்று தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயால் கெடுவது விரால். முன்பெல்லாம் உயிர்த் தவளையைக் கொக்கியில் மாட்டித்தான் விரால் பிடிப்பார்கள். அது கொடுமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வயலில் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவுகிற ஜீவன் அது. தவளைக் கால் ஏற்றுமதியையே நம் நாட்டில் 1987-ல் தடை செய்துவிட்டார்கள். பிள்ளை ரப்பர்த் தவளை கேட்கிறான் என்றால் அந்த மட்டில் நல்ல காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோலுக்கு வருவோம். “தூண்டில்தானே, ஒரு மூங்கில் குச்சி போதாதா?” என்று தோன்றும். கெண்டைக்குப் போதும். தவளைத் தூண்டிலுக்குப் போதாது. ஏனென்று சொல்கிறேன்.

விரால் தவளையைக் கவ்வியதும் நேரே பாசிக்குள் பாயும். அந்தக் கணத்தில் கோல் இரண்டு வேலை செய்யவேண்டும். ஒன்று, தடித்த இரட்டைக் கொக்கியை மீனின் கெட்டியான வாயில் பதிய வைப்பது. இரண்டு, மீனோடு சேர்ந்து வருகிற ஒரு கூடைப் பாசியையும் தாமரைத் தண்டையும் இழுப்பது. மெல்லிய கோலாக இருந்தால் அது விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி வளைந்துகொண்டே போகும். மீன் தண்டைச் சுற்றிக்கொண்டு விடை பெற்றுக்கொள்ளும். ஆகையால் அடிப்பக்கம் விறைப்பாக இருக்கவேண்டும். ஆனால் நுனியும் விறைப்பாக இருந்தால் தவளையை எறியவும் முடியாது, தத்த வைக்கவும் முடியாது. மேலே மூன்றில் ஒரு பங்கு வளைந்து கொடுக்க வேண்டும். கீழே அசையாமல் நிற்கவேண்டும். நல்ல மாமியார் மாதிரி என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், வீட்டுக்கு வீடு அபிப்பிராய பேதம் இருக்கும்.

இந்த விறைப்பைத்தான் கோலின் மேல் இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘எம்’ என்றால் நடுத்தரம். ‘எம்.எச்.’ என்றால் நடுத்தரத்துக்கு மேலே. ‘எச்’ என்றால் கனம். விரால் தவளைக்கு ‘எம்.எச்.’ போதும். அதற்குப் பக்கத்திலேயே ‘ஃபாஸ்ட்’ என்றிருந்தால், நுனி மட்டும் வளைகிற ஜாதி என்று அர்த்தம். அதுதான் நமக்கு வேண்டியது. நீளம் ஆறரை அடியிலிருந்து ஏழு அடி. அதற்கு மேல் போனால் கரையோரத்துக் கருவேல மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னும் ஓர் எண் இருக்கும்: எத்தனை கிராம் எடையுள்ள பொம்மையை அந்தக் கோலால் எறியலாம் என்பது. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கையை அளந்து பார்த்துத்தானே வளையல் வாங்குகிறோம்? அந்த மாதிரி தவளையை முதலில் தீர்மானம் செய்துவிட்டுக் கோலுக்குப் போகவேண்டும். விராலுக்குப் பையன்கள் வாங்குகிற தவளைகள் பெரும்பாலும் 8 கிராமிலிருந்து 15 கிராம் வரை இருக்கும். கோலில் 7 முதல் 28 கிராம் என்று போட்டிருந்தால் கச்சிதம். 20 கிராமில் தொடங்குகிற கோலை வாங்கி 8 கிராம் தவளையைக் கட்டி எறிந்தால், அது எறிகிறவர் காலடியிலேயே தொப்பென்று விழும். பிறகு, “கோல் சரியில்லை, இன்னொன்று வேண்டும்” என்று வீட்டில் பாட்டு ஆரம்பமாகும்.

சரி, விலை? 1,000 ரூபாய்க்குக் கீழேயும் கோல் கிடைக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேலேயும் இருக்கிறது. இத்தனை வித்தியாசம் எதற்காக என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

விலை உயர்ந்த கோலில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக இரண்டு குணங்கள். ஒன்று, எடைக் குறைவு. மற்றது, உணர்ச்சி. தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ஒரு மீன் இரையை லேசாக முகர்ந்தால்கூட அந்தச் சின்ன அதிர்வு நூல் வழியாகக் கைக்கு வந்து சேரவேண்டும். அதற்காகத்தான் உயர்ந்த ரகக் கார்பன் இழையில் கோல் செய்து, அதற்கேற்ற விலை வைக்கிறார்கள். ஆனால் தவளைத் தூண்டிலில் நடப்பது என்ன? எல்லாம் தண்ணீருக்கு மேலே, கண்ணெதிரே நடக்கிறது. மீன் அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் சட்டைகூட நனைகிறது! இதைக் கோல் வேறு கைக்குச் சொல்ல வேண்டுமா? தேவையில்லாத குணத்துக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்கள். உயர்ந்த ரகக் கார்பன் இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஆனால் எளிதில் முறியும். கல்லில் இடித்துக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தாலும், இழுக்கிற நேரத்தில் படாரென்று போய்விடும். பாசியோடும் தாமரைத் தண்டோடும் மல்யுத்தம் செய்கிற வேலைக்குச் சாதாரண ரகக் கார்பனோ, கார்பனும் கண்ணாடி இழையும் கலந்ததோதான் மேல். அமெரிக்காவில் 1976-ல் ‘அக்லி ஸ்டிக்’ என்று ஒரு கலப்புக் கோல் வந்தது. பெயருக்கு ‘அசிங்கக் குச்சி’ என்று அர்த்தம். அதிக விலையில்லை, ஆனால் முறியாது என்று பெயர் வாங்கி இன்றைக்கும் விற்பனையாகிறது. அழகைப் பார்த்துப் பெண் எடுக்காதே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முழுக்க முழுக்கக் கண்ணாடி இழைக் கோல்தான் இருப்பதிலேயே மலிவு. அதிலும் மீன் வரும். ஆனால் கனம் அதிகம். ஒரு காலை வேளையில் நூறு தடவைக்கு மேல் எறிந்து இழுக்க வேண்டியிருக்கும். மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். ஏன், நீங்களே ஒரு நாள் ஆசைப்பட்டுக் கோலைக் கையில் எடுக்கக்கூடும். ஆகவே என் சிபாரிசு, 1,500 ரூபாய்க்கு மேல் 3,000 ரூபாய்க்குள் ஒரு கலப்புக் கோல் அல்லது சாதாரணக் கார்பன் கோல். அதற்கு மேலே போகிற பணம், தவளை விஷயத்தில், பெயருக்கும் பெயிண்டுக்கும் போகிற பணம்தான்.

கடையில் கோலைக் கையில் வாங்கியதும் புடவைக்குச் செய்கிற சோதனைகளையே செய்யுங்கள். பிடியிலிருந்து நுனி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்; வளையங்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? ஏழடிக் கோலுக்கு எட்டு வளையமாவது இருக்கவேண்டும். மலிவுக் கோலில் முதலில் கை வைப்பது இங்கேதான்; ஐந்து வளையத்தோடு நிறுத்திவிடுவார்கள். கோல் வளையும்போது நூல் கோலையே உராயும். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கேயாவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்த விரிசல் 500 ரூபாய் நூலை ஒரே நாளில் அறுத்துவிடும். வளையத்தைக் கட்டியிருக்கிற நூற்கட்டின் மேல் பூசிய பசை வழவழப்பாக இருக்கிறதா, ரீல் மாட்டுகிற இடத்தில் திருகினால் கெட்டியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஆடினால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாக, நுனியைக் கடைக்காரரை மென்மையாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் பிடியை மெல்ல உயர்த்துங்கள். எங்கே வளைகிறது என்பது தெரிந்துவிடும். சிலர் நுனியைக் கூரையில் முட்டி அழுத்திப் பார்ப்பார்கள். அது சோதனை அல்ல, கொலை!

குடை மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிக் கைப்பைக்குள் போய்விடுகிற கோல்களும் உண்டு. ரீல், நூல், பத்துப் பொம்மை, ஒரு பை எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று ஆன்லைன் கடைகளில் படம் போட்டிருப்பார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதில் மூட்டுக்கு மூட்டு பலவீனம். தவளைக்கு வேண்டிய அந்த அடி விறைப்பு அதில் வருவதில்லை. இரண்டாகக் கழற்றுகிற கோல் நல்லது. ஏழடி மூன்றரை அடியாகிவிடும். பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் கொண்டு போகலாம். தபாலில் வாங்கினால், பிரித்தவுடனே மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்புகிற கெடு முடிந்த பிறகு பஞ்சைத் தேடிப் பிரயோஜனமில்லை.

பட்ஜெட் முழுவதையும் கோலிலேயே கொட்டிவிடக் கூடாது. ரீலும் நூலும் இருக்கின்றன அல்லவா? புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, கோலுக்கு அடியில் தொங்குகிற ‘ஸ்பின்னிங்’ ரீல்தான் சௌகரியம். கோலின் மேல் உட்காருகிற ‘பெய்ட் காஸ்டர்’ பார்வைக்குக் கம்பீரம். ஆனால் பழகாத கையில் நூல் சிக்கிக்கொண்டு கிடக்கும். இலேசான தவளைக்கு மலிவான பெய்ட் காஸ்டர் சரிப்படவே சரிப்படாது. இரண்டு ரீல்களுக்கும் கோல் வேறு வேறு என்பதால் இதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். நூலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நைலான் நூல் ரப்பர் மாதிரி நீளும், கொக்கி பதியாது. ‘பிரெய்டு’ என்கிற பின்னல் நூல் நீளாது, தண்ணீரில் மிதக்கும். 30 அல்லது 40 பவுண்டு தாங்குகிற நூல் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பாசியில் மாட்டிக்கொண்டால் அதை வெறுங்கையில் சுற்றி இழுக்கக் கூடாது. விரலைக் கத்தி மாதிரி வெட்டிவிடும்.

மாட்டிக்கொண்ட தவளையைக் கோலை வளைத்தும் இழுக்கக்கூடாது. கோலை அதை நோக்கி நேராக நீட்டி, துணி சுற்றிய கையால் நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கோல் முறியும், அல்லது கொக்கியோடு தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கொக்கியின் மேலுள்ள முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, பிள்ளையின் விரலுக்கும் நல்லது.

இனி நான் சொல்லப் போவதைப் பிள்ளையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள்.

கார்பன் கோலில் மின்சாரம் பாயும். ஏரிக்கரை மேலும் வயல் மேலும் மின்கம்பி போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏழடிக் கோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் வீசி எறிகிற விளையாட்டு இது. தாழ்ந்து தொங்குகிற கம்பியைக் கோல் தொட வேண்டுமென்பதுகூட இல்லை. ஈரமான நூல் தொட்டாலே ஆபத்து. எந்த இடத்தில் நின்றாலும் முதலில் அண்ணாந்து பார், பிறகு எறி என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். இடி மின்னல் தொடங்கிவிட்டால், மீன் எத்தனை அடித்தாலும் சரி, கோலைக் கீழே வைத்துவிட்டு வீடு வந்து சேரவேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளையைத் தனியாக அனுப்புவதில்லை என்பதும் நம் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கேட்டுக்கொண்டு இறங்கினால் வீண் சண்டை இல்லை.

விராலைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. அது நம் காதில் விழுந்தால்தான் சரி. மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் சிவப்பாக, நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகச் சேர்ந்துகொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சு வாங்க வந்து போகும். அந்தச் சிவப்புப் பந்துக்குக் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். பக்கத்தில் தவளை வந்தால் பசி இருக்கிறதோ இல்லையோ, குஞ்சைக் காப்பாற்றுவதற்காகப் பாய்ந்து கடிக்கும். அந்தச் சமயத்தில் தவளைத் தூண்டில் போட்டால் மீன் அகப்படுவது நிச்சயம். அகப்பட்ட பிறகு, காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். சிவப்புப் பந்தைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். அந்தக் குஞ்சுகளைப் பற்றி வேறு யார் அவனுக்குச் சொல்லப் போகிறார்கள்?

கோல் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. எங்கே வைப்பது? மூலையில் சாத்தி வைத்தால் நாளடைவில் வளைந்துபோகும். சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கை வசமாக வைக்கலாம். ஏரித் தண்ணீரில் நனைந்து வந்த கோலை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு உறையில் போடவேண்டும். இரண்டு துண்டையும் பொருத்துகிற இடத்தில் கொஞ்சம் மெழுகுவத்தி தேய்த்துவிட்டால் ஆடாது, இறுகியும் போகாது. கொக்கியை வளையத்தின் உட்புறத்தில் மாட்டி வைக்கிற கெட்ட பழக்கம் பல பேருக்கு உண்டு. வளையத்தில் கீறல் விழுவது பெரும்பாலும் அதனால்தான். மாட்டுவதற்கென்று பிடிக்கு மேலே ஒரு சின்னக் கம்பி இருக்கும்; அதில் மாட்டட்டும்.

மீனால் முறிந்த கோல்களை விட வீட்டில் முறிந்தவை அதிகம் என்று தூண்டில்காரர்கள் சொல்வதுண்டு. ஒன்று கார்க் கதவு, இன்னொன்று தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி. புதுக் கோலைக் கூடத்தின் நடுவில் நின்று வீசிப் பார்க்காத பிள்ளை உலகத்தில் கிடையாது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் விசிறியை நிறுத்திவிடுங்கள். பிரித்த பிறகு மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். கொக்கியை வெட்டி எடுத்த பழைய தவளை ஒன்றைக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குறி வைத்து எறிந்து பழகட்டும். பத்துக்கு ஆறு தடவை வாளிக்குப் பக்கத்தில் விழுந்தால் ஏரிக்குப் போகலாம். ஆனால் கொடியில் துணி காய்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம். முன்னாலே சொன்னேனே, அந்த நூல் அறுக்கும். உங்கள் புதுக் காட்டன் புடவை தாங்காது.